பிறை நாள் சொல்லும், மழை முடிவு சொல்லும்: கல்முனைக் கரையோரத்தில் கார்த்திகை மாத வளவு வேலைகள்

கார்த்திகை பிறந்ததும் அம்பாறைக் கரையோரத்தில் மூன்று வழிகள் ஒன்றாக அடைபடுகின்றன. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்க, சிறிய தோணிகள் கரையேறி நிற்கும். கரைவாகு வயல்களில் வெள்ளம் ஏறினால் கூலி வேலை நின்றுபோகும். கிட்டங்கியிலோ மாவடிப்பள்ளியிலோ தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால், தம்புள்ளைப் பக்கமிருந்து வரும் மரக்கறி லொறி எப்போது சந்தைக்கு வரும், என்ன விலைக்கு விற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரங்களில் கறிச்சட்டிக்கு எதையாவது தரக்கூடியது வீட்டு வளவு மட்டும்தான்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர் என்று நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த ஊர்களில் வளவுத் தோட்டம் பொழுதுபோக்கு அல்ல. 1990ஆம் ஆண்டு வன்முறைகளுக்குப் பிறகு தூரத்து வயலுக்கும் சேனைக்கும் போக முஸ்லிம்களும் அஞ்சினார்கள், தமிழர்களும் அஞ்சினார்கள். பயிர் செய்யத் தெரிந்த கைகளுக்கு மிஞ்சியது வீட்டைச் சுற்றியிருந்த மணல் நிலம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி அந்த நிலத்தையும் கிணற்றையும் உப்பாக்கியது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு 2021இல் இரசாயன உரத்தடை வந்தது. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்பிவந்த இடம் வளவு.

இந்தக் கட்டுரைக்காகப் பேசிய வீடுகளில் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் எந்த வேலையை எந்த நாளில் செய்வீர்கள்? பெரும்பாலான விடைகளில் பிறைதான் முதலில் வந்தது. வளர்பிறையில் விதை, தேய்பிறையில் வெட்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அது எவ்வளவு உண்மை, எவ்வளவு பயன், எங்கே கைவிட வேண்டும் என்பதுதான் குழப்பம். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே இங்கே நோக்கம்.

இரண்டு நாட்காட்டிகள் வேண்டும்

முஸ்லிம் வீடுகளில் பிறையைத் தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் தேவையில்லை. ஹிஜ்ரித் திகதியே பிறையின் வயதுதான். பள்ளிவாசல் நாட்காட்டியில் 7 என்றால் அரை நிலவு வளர்ந்திருக்கும். 13, 14, 15 என்றால் பறுவத்தை ஒட்டிய நாட்கள்; அய்யாமுல் பீழ் நோன்பு பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 22க்குப் பிறகு நிலவு நடுச்சாமம் தாண்டித்தான் உதிக்கும். கண்ணால் பிறை கண்டபின் மாதம் தொடங்குவதால் வானியல் கணக்கோடு ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் வரலாம். வளவு வேலைக்கு அது பொருட்டல்ல. எந்த நாட்காட்டியும் கையில் இல்லாதவருக்குப் போயா விடுமுறை இருக்கிறது. நவம்பரில் இல் போயா, டிசெம்பரில் உந்துவப் போயா. இரண்டும் பறுவ நாட்கள்.

ஆனால் ஹிஜ்ரி நாட்காட்டி பருவகாலத்தைச் சொல்லாது. அதன் ஆண்டு ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு என்பதால் மாதங்கள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். 2003இல் றமழான் ஒக்டோபர் இறுதியில் தொடங்கியது. 2024இல் மார்ச்சில் தொடங்கியது. ஏறத்தாழ 33 வருடங்களில் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். அதனால்தான் தொழுகைக்கும் நோன்புக்கும் ஹிஜ்ரி மாதத்தைப் பார்க்கும் நம் விவசாயிகள், விதைப்புக்கு ஐப்பசி, கார்த்திகை என்று தமிழ் மாதத்தைச் சொல்கிறார்கள். தமிழ் மாதம் சூரியக் கணக்கு. அது பருவத்தைச் சொல்லும். பிறை நிலவுக் கணக்கு. அது அந்தப் பருவத்துக்குள் நாளைச் சொல்லும். பாண்டிருப்பிலோ காரைதீவிலோ பஞ்சாங்கம் பார்த்து விதைக்கும் தமிழ்க் குடும்பமும், சாய்ந்தமருதில் பிறை எண்ணி விதைக்கும் முஸ்லிம் குடும்பமும் பார்ப்பது ஒரே வானத்தைத்தான். இரு வீட்டிலும் விதை மண்ணுக்குள் போவதும் பெரும்பாலும் ஒரே வாரத்தில்தான்.

பிறைக்குச் சக்தி இருக்கிறதா?

வழக்கில் உள்ள விதிகளைச் சுருக்கினால் இப்படி வரும். மண்ணுக்கு மேலே காய்ப்பவற்றை வளர்பிறையில் விதைக்க வேண்டும். கிழங்கு வகைகளைத் தேய்பிறையில் நட வேண்டும். மரம், மூங்கில், கிடுகுக்கான ஓலை ஆகியவற்றைத் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது. அமாவாசையில் விதைக்கக் கூடாது. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இன்னும் ஒரு படி போய், 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு நாட்கள் என்பார்கள்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. பிறை பார்த்து மரம் வெட்டும் முறையை 2,000 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியின் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஜேர்மனியின் மரியா தூன் என்பவர் 1960களிலிருந்து ஆண்டுதோறும் வெளியிட்ட விதைப்பு நாட்காட்டி உலகெங்கும் பரவியது. இன்று கைத்தொலைபேசியில் வரும் பிறைத் தோட்ட நாட்காட்டிகளில் பல அந்த வழியில் வந்தவை. அவை இலையுதிர்காலத்தின் கடைசி வேலைகள் என்று சொல்பவை உறைபனி வரமுன் கிழங்கைத் தோண்டுவது, செடியை மூடுவது போன்றவை. நமக்கு அதே நாட்கள் மாரி தொடங்கும் நாட்கள். பிறை பொதுவாக இருந்தாலும் மண்ணும் மழையும் வேறு. அந்த அட்டவணையை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது.

அறிவியல் பக்கம் என்ன சொல்கிறது? ஸ்பெயினின் வலென்சியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ‘அக்ரோனமி’ ஆய்விதழில், பிறைக்கும் பயிருக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சொல்லப்பட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். விதைப்பு நாளைப் பிறை பார்த்துத் தீர்மானிப்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. காரணம் எளிது. பறுவ நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்கு. நிலவின் ஈர்ப்பு சமுத்திரத்தை அசைக்கிறது என்றால் சமுத்திரம் அவ்வளவு பெரியது. ஒரு கத்தரிச் செடிக்குள் இருக்கும் நீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியென்றால் பிறையை விட்டுவிடலாமா? வேண்டாம் என்பேன். பிறையைக் காலக் கணக்காக எடுப்பது ஒன்று, பிறையே பலன் தருகிறது என்று நம்புவது வேறொன்று. மார்க்கம் தெரிந்தவர்களும் இந்த வேறுபாட்டைத்தான் சொல்வார்கள். பிறையின் ஒவ்வொரு காலும் ஏழு நாளுக்குச் சற்றுக் கூட. மாதத்தை நான்காகப் பிரித்து, வேலையையும் நான்காகப் பிரித்துக்கொண்டால் ஒன்றும் விடுபடாது. கூலிக்குப் போகும் வீட்டில், பிள்ளை பார்க்கும் தாயின் கையில், வளவு வேலை விடுபட்டுப்போவதுதான் உண்மையான நட்டம்.

நிலவு உண்மையாகத் தொடும் இடம்: கிணறு

நிலவால் நம் வளவுக்குள் ஏதாவது நடக்கிறது என்றால், அது கடல் வழியாகத்தான். அமாவாசையிலும் பறுவத்திலும் அவற்றை அடுத்த ஓரிரு நாளிலும் கடல் வற்றுப்பெருக்கு கூடுதலாக இருக்கும். இலங்கைக் கரையில் அது ஒரு மீற்றரை எட்டாது. ஆனாலும் வாடைக்காற்று அலையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நாட்களில், கடல் உயர்ந்து நின்றால் வெள்ளம் முகத்துவாரத்தால் வடிவது தாமதமாகும். தாழ்ந்த வளவில் தண்ணீர் அரை நாள் கூடுதலாக நிற்கும். ஆகவே பறுவத்துக்கும் அமாவாசைக்கும் முன்பே வடிகாலைத் துப்புரவு செய்து வைப்பது நிலவு பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. இதற்குக் காரணமும் உண்டு.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மணல் திட்டுக்குக் கீழே மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு மெல்ல மெல்ல ஏறும். சுனாமிக்குப் பிறகு மோட்டரால் மேலும் மேலும் இறைத்த கிணறுகளில் உப்பு குறையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மாரி மழைதான் இந்த நன்னீரை நிரப்புகிறது. வளவு முழுவதையும் சீமெந்தால் மூடினால் மழை தெருவுக்கு ஓடிவிடும். கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தையாவது மண்ணாக விட்டுவைப்பது அடுத்த ஆடி, ஆவணிக்கான சேமிப்பு.

நான்கு கால் பிறை, நான்கு வகை வேலை

கீழே உள்ள பிறை எண்கள் ஹிஜ்ரித் திகதிகள்.

பிறை 1 முதல் 7 வரை விதைப்பு. வெண்டி, பயற்றை, கீரை, சோளன், பூசணி, பாகல். மணல் நிலமானாலும் இந்தப் பருவத்தில் தட்டையான பாத்தியில் விதைக்க வேண்டாம். மூன்றடி அகலத்தில், ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, இரண்டு பாத்திகளுக்கிடையே ஓரடி வாய்க்கால் விடுங்கள். கூட்டெருவை மேல் மண்ணோடு கலந்துவிடுங்கள். மேலே தூவினால் முதல் மழையே அள்ளிப்போகும். கீரை ஒரு மாதத்துக்குள் கறிக்கு வரும். வெண்டி காய்க்க ஏழு வாரமளவில் ஆகும். விதையில் பாதியை மட்டும் போட்டு, மீதியை அடுத்த பிறைக்கு வையுங்கள். ஒரு மழை அழித்தாலும் மறு விதைப்பு இருக்கும்.

பிறை 8 முதல் 14 வரை நடுகை. கொச்சிக்காய், கத்தரி, தக்காளி நாற்றுகள் நாற்றுமேடையில் நான்கு வாரமளவில் நடுகைக்குத் தயாராகும். மாலையில் நட்டால் வாடல் குறைவு, இந்த நாட்களில் மஃரிபுக்குப் பிறகும் நிலவு வெளிச்சம் இருக்கும். நாற்றுமேடைக்கு மேல் கிடுகோ பழைய வலையோ கட்டாவிட்டால் பெரிய துளி நாற்றைச் சாய்த்துவிடும். பறுவத்துக்கு முதல் நாள் வாய்க்காலையும் தெருக் கானையும் பாருங்கள். போயா விடுமுறையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அயல்வீட்டாரோடு பேசி, யாருடைய தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று மழைக்கு முன் முடிவுசெய்துகொள்ளுங்கள். நம் ஊர்களில் வேலிச் சண்டைகளில் பல தண்ணீர்ச் சண்டைகள்தான்.

பிறை 15 முதல் 21 வரை கிழங்கும் வேலியும். மரவள்ளித் தடி, வற்றாளைக் கொடி, முள்ளங்கி விதை எல்லாம் வழக்கப்படி தேய்பிறையில். மரவள்ளியை வளவின் மிக உயரமான இடத்தில் மட்டும் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். பப்பாசியும் முருங்கையும் அப்படித்தான். கிளிறிசிடியா வேலிக்கதியால் நட இதுவே காலம். அதன் இலையை அரிந்து பாத்தியில் மூடினால் மண் அரிப்பும் குறையும், தழைச்சத்தும் சேரும். 2021இல் உரம் இல்லாமல் தவித்தபோது இந்த வேலி இருந்தவர்களுக்குத் தழை உரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

பிறை 22 முதல் மாதக் கடைசி வரை வெட்டலும் துப்புரவும். களை பிடுங்கல், பந்தல் திருத்தல், மூங்கில், கம்பு வெட்டல். தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்பதன் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. உளுப்பூச்சி மூங்கிலில் உள்ள மாச்சத்தைத்தான் தின்கிறது. அந்த மாச்சத்தின் அளவு பிறையைவிட மூங்கிலின் வயதையும் பருவகாலத்தையும் பொறுத்தது. முற்றியதை வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் எந்தப் பிறையிலும் பயன்படும். இருண்ட, ஈரமான இரவுகளில் நத்தை கூட்டமாக வரும். டோர்ச் பிடித்துப் பொறுக்கிப் போத்தலில் போடுங்கள். பாத்தியில் உப்பு போட வேண்டாம். சுனாமி உப்பைக் கழுவ நம் மண்ணுக்கு மழை எவ்வளவு தேவைப்பட்டது என்பது தெரியும்தானே.

நான்கு காலுக்கும் பொதுவான ஒரு வேலையும் உண்டு. சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர், கவிழ்க்காத வாளி எல்லாவற்றையும் ஒவ்வொரு கால் பிறைக்கும் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுக்கும். பிறையின் கால் பங்கும் ஏழு நாள்தான். எந்த நாட்காட்டியும் இதைவிடப் பொருத்தமாக வராது.

பிறையைக் கைவிட வேண்டிய நாட்கள்

நம் கரையை அடித்த பெரிய அழிவுகளைப் பிறையோடு வைத்துப் பாருங்கள். 1978 நவம்பர் 23, 24ஆம் திகதிகளில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் புரட்டிய சூறாவளி தேய்பிறையில் வந்தது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோதும் தேய்பிறை; அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது வளர்பிறை. சுனாமி வந்தது பறுவத்தன்று. அதனாலேயே நிலவுதான் கடலைக் கொண்டுவந்தது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நடந்த பூமியதிர்ச்சியின் விளைவு. நிலவுக்கு அதில் பங்கில்லை. நல்ல பிறை, கெட்ட பிறை என்று அழிவுக்கு ஒன்று கிடையாது.

ஆகவே வளிமண்டலவியல் திணைக்களம் கனமழையோ தாழமுக்கமோ அறிவித்தால், பிறை எத்தனை என்று பார்க்க வேண்டாம். விதைப்பை நிறுத்துங்கள். விளைந்த காயைப் பிஞ்சானாலும் பறியுங்கள். தென்னையின் காய்ந்த மட்டையையும் முருங்கையின் நீண்ட கிளையையும் வளர்பிறையானாலும் அன்றே வெட்டுங்கள். காற்றில் முறிந்து கூரையில் விழுவதைவிட அது நல்லது. கூட்டெருக் குவியலைத் தறப்பாளால் மூடுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் போயிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வெள்ளநீர் தொட்ட கீரையைப் பச்சையாகச் சாப்பிடவும் வேண்டாம். மலசலகூடக் குழியும் அதே வெள்ளத்தில்தான் நிரம்பியிருக்கும்.

வளவு இல்லாதவர்களுக்கு

சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரத்தில் மீளக் கட்டத் தடை வந்ததால் பலர் வளவை இழந்தார்கள். மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் போன்ற குடியேற்றங்களிலும் தொடர்மாடி வீடுகளிலும் இருப்பவர்களுக்குச் சில பேர்ச் நிலமோ ஒரு மாடிச் சுவரோதான் மிச்சம். அரிசிப் பையிலும், அடியில் துளையிட்ட பெயின்ற் வாளியிலும் கொச்சிக்காய், கறிவேப்பிலை, ரம்பை, பொன்னாங்காணி நன்றாக வரும். மணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. மாரியில் இவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. வெள்ளம் வந்தால் வாளியைத் தூக்கி மேலே வைக்கலாம். வளவைத் தூக்க முடியாது.

கடைசியாக விதை பற்றி. பலமுறை இடம்பெயர்ந்த வீடுகளில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் ஒரே பையில் எடுத்துப்போகத் தயாராக இருக்கும். அந்தப் பையில் ஒரு சிறு போத்தலுக்கு இடம் விடுங்கள். நன்றாகக் காயவைத்த வெண்டி, பயற்றை, கத்தரி, கொச்சிக்காய் விதையைச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். இன்னொரு பங்கை மேட்டு நிலத்தில் உள்ள உறவினரிடமோ நண்பரிடமோ கொடுத்து வையுங்கள். அவர் எந்த ஊர், எந்தச் சமூகம் என்பது விதைக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்தபின் கடையில் விதை வரும்வரை காத்திருப்பவர் ஒரு மாதத்தை இழப்பார். போத்தல் கையில் இருப்பவர் மண் காய்ந்த அன்றே விதைக்கலாம். அன்று பிறை எத்தனையாக இருந்தாலும் சரி.